கருங்கிடாவைப் பார்த்த டாக்டர்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இவர்கள்தான். காது குத்த வேண்டிய குழந்தை. குழந்தையின் அப்பா, ஆஸ்டினில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை, நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அண்ணி. மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன், அண்ணியின் தம்பி, டல்லாஸிலிருந்து முதல் நாளே வந்துவிட்டான். அண்ணனுடைய அப்பா, பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு ஊரிலிருந்து ஆறு மாச விசாவில் வந்திருந்த பெரியவர். அண்ணனுடன் வேலை செய்கிற நாலு குடும்பம். சமையலுக்கு நான். எல்லாரும் வந்த பிறகு வந்து சேர்ந்த டாக்டர். இவர்களைத் தவிர, ஓக் மரத்தடியில் கட்டிப்போட்டிருந்த கருப்புக் கிடா. அதைக் கிடா என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் எழுத நினைத்தது டாக்டரைப் பற்றி. ஆனால் அவரைப் பற்றி எப்போது பேச ஆரம்பித்தாலும் அந்தக் கிடா முன்னால் வந்து நின்றுகொள்கிறது.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஏழாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கையில் தொழில் இருந்ததால் டெக்சாஸில் ஒரு ஓட்டல்காரர் என்னைச் சமையலுக்கு வரவழைத்தார். தொண்ணூறுகளின் கடைசியில் கிரீன் கார்டுக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது சும்மா பேச்சு. உட்காரவே முடியாது. போலீஸ் கார் பின்னால் வந்தால் கை வேர்க்கும். தபால்காரர் வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். அடுப்பை அணைத்தேனா என்று ஃப்ரீவேயில் பாதி வழி போய்த் திரும்பி வந்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவனுக்கு ஆறுதல் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கும். "ஒண்ணும் ஆகாதுப்பா, எல்லாம் சரியாயிடும்." அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் என் பிரச்சனை என்ன என்று கேட்காமலே ஒன்றும் ஆகாது என்று சொன்னால், எனக்குப் பயம் இரண்டு மடங்கு ஆகும்.

டாக்டர் அப்படிச் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படங்களைப் பார்த்துச் சொல்கிற டாக்டர் அவர். ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. சனிக்கிழமை ஓட்டலுக்கு வந்து ஒரே ஒரு ரவா தோசை சாப்பிடுவார். ஒரு நாள் என் கட்டைவிரல் நகத்துக்கடியில் கருப்பாக ஒன்று வந்திருந்தது. நான் நகத்தை ஒளித்துக்கொண்டு தோசை கொண்டுபோய் வைத்தேன். நகத்துக்கடியில் கருப்பு வந்தால் என்ன வியாதி என்று யாரோ சொல்லி, பதினைந்து நாளாகத் தூக்கமில்லை.

"விரலைக் காட்டுங்க" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க டாக்டர்."

"அதை நான் பாத்துட்டுச் சொல்றேன்."

விளக்கடியில் பார்த்தார். வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். தோசை ஆறிப்போயிற்று. நான் கேட்டேன், "என்னங்க, ஆபத்தா?"

"இருங்க. இன்னும் பாக்கலை."

இதுதான் அவருடைய வார்த்தை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு இன்னும் பார்க்கவில்லை என்பார். பேனாவால் நகத்தின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, அழித்துவிடாதீர்கள், அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம் என்று போய்விட்டார். அந்த ஒரு வாரம் எனக்கு நரகம். அடுத்த வாரம் வந்து பார்த்தார். கருப்பு அந்தக் கோட்டோடு சேர்ந்து மேலே ஏறியிருந்தது. "நகத்தோட சேந்து நகருது. அடிபட்ட ரத்தம். கேரட் துருவும்போது எப்பவாவது இடிச்சுக்கிட்டீங்களா?" இடித்துக்கொண்டதுதான். அன்று ராத்திரி நான் தூங்கின தூக்கத்தை யாராவது படம் எடுத்திருந்தால் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பேன்.

ஆனால் விசேஷ வீடுகளில் இந்தக் குணம் செல்லுபடி ஆகாது. குழந்தை யார் ஜாடை என்று கேட்டால் எல்லாரும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொள்வார்கள். இவர் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். "இன்னும் தெரியலை. மூக்கு இனிமேதான் வரணும்." அந்த வீட்டுப் பாட்டிக்குக் கோபம் வரும். ஒருத்தர் தன் பெண்ணுக்கு வந்த மாப்பிள்ளை போட்டோவை நீட்டி, "பையன் லட்சணமா இருக்கான்ல டாக்டர்?" என்றார். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மூஞ்சியில நிழல் இடதுபக்கம் விழுது. பின்னாடி நிக்கிற காருக்கு வலதுபக்கம் விழுது." படம் ஒட்டுவேலை, கார் அவனுடையது இல்லை என்று பிறகு தெரிந்தது. காரில்லாவிட்டால் போகிறது, பையன் நல்ல பையன்தான் என்று கல்யாணத்தை நடத்தினார்கள். ஆனால் டாக்டருக்குப் பத்திரிகை வரவில்லை.

அவர் கார் முன்சீட்டில் எப்போதும் ஒரு பைனாகுலர் கிடக்கும். பறவைக்காக இல்லை. அவருக்கு ஆசை எல்லாம் மலை ஆடுகள் மேல். ஆடு என்று சொன்னால் திருத்துவார். பாதி ஆடு மாதிரி, பாதி மான் மாதிரி, இமயமலைப் பக்கம் செங்குத்துப் பாறையில் ஏறி நிற்கிற ஜாதிகள். அவர் அப்பா டார்ஜீலிங் பக்கம் தேயிலை ஆபீஸில் கணக்கு எழுதியவர். பள்ளிக்கூட ஜன்னலுக்கு எதிரே பள்ளத்தாக்கு, அதற்கு அந்தப் பக்கம் பாறைச் சுவர். கணக்கு வகுப்பில் இவர் பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

"அங்க ஒண்ணு நின்னா கோரலா செரோவான்னு எங்களுக்குள்ள பந்தயம்" என்று ஒரு நாள் சொன்னார். "கோரல் சின்னது, சாம்பல் கலர், தொண்டையில வெள்ளையா ஒரு திட்டு. செரோ பெருசு, கருப்பு, கழுதைக் காது. சொல்லும்போது சுலபம். பனி மூடியிருக்கும்போது ரெண்டும் ஒரு கல்லு மாதிரிதான் தெரியும். கல்லு காதை ஆட்டுற வரைக்கும் காத்திருக்கணும்."

"ஆட்டலைன்னா?"

"கல்லாவே இருக்கட்டும். நமக்கென்ன நஷ்டம்?"

பிள்ளைகள் பெரியவர்களானதும் லீவு கிடைத்தால் ஏதாவது மிருகக்காட்சி சாலைக்குப் போய் ஒரே கூண்டுக்கு முன்னால் அரை நாள் நிற்பார். ஏன் டாக்டர் இப்படி என்று கேட்டேன். "பாக்கப் புடிக்கும்" என்றார். அவ்வளவுதான். பெரிய கதை எதுவும் அதன் பின்னால் இல்லை.

இனிமேல் கிடாவுக்கு வருகிறேன்.

அண்ணன் வீட்டுக் குலசாமிக்குத் தலைப்பிள்ளை காதுகுத்துக்குக் கிடா வெட்ட வேண்டும். முழுக் கருப்பாக இருக்க வேண்டும், ஒரு வெள்ளை மயிர் கூடாது. ஊருக்குப் போய்ச் செய்யலாம் என்றால் அண்ணனுக்கும் கிரீன் கார்டு நடுவாந்திரத்தில் நின்றது, நாட்டைவிட்டு வெளியே போக வக்கீல் வேண்டாம் என்றுவிட்டார். பெரியவர் சொன்னார், "சாமி பாஸ்போர்ட்டு கேக்கறதில்லீங்க தம்பி. நாம எங்க இருக்கறமோ அங்க வரும்." அதனால் ஆஸ்டினுக்கு மேற்கே இரண்டு மணி நேரத்தில், மேடும் பள்ளமுமான இடத்தில், ஒரு பண்ணை வீட்டை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தார்கள். ஆடு வெட்டலாமா என்று கேட்டதற்கு, சுத்தம் செய்துவிட்டுப் போனால் சரி என்றார்களாம். அதே ரோட்டில் ஒரு வெள்ளைக்காரர் ஆடு வளர்த்தார். கருப்பு வேண்டும் என்றதும், "ஒண்ணு இருக்கு, மழைக்கப்புறம் மந்தையில சேந்தது, எப்பவும் தனியாவே நிக்கும், மத்ததை முட்டுது, எடுத்துக்கிட்டுப் போனா புண்ணியம்" என்கிற மாதிரி இங்கிலீஷில் சொல்லி, அவரே டிரெய்லரில் ஏற்றிவந்து கட்டிவிட்டுப் போனார்.

வெட்ட வேண்டியவன் நான். அது எனக்குப் புதிதில்லை. ஆனால் அதன் முன்னால் போய் நின்றதும் ஏதோ சரியில்லை என்று பட்டது. எனக்கு எப்போதுமே ஏதாவது சரியில்லை என்று படுவதால் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நல்ல உயரம். கழுத்தில் குதிரைக்கு இருக்கிற மாதிரி பிடரி மயிர். முழங்காலுக்குக் கீழே செம்பழுப்பாக இருந்தது.

"முழுக் கருப்புன்னு சொன்னீங்களேடா" என்றார் பெரியவர், மகனைப் பார்த்து.

"செம்மண்ணுப்பா. இந்த ஊர் மண்ணு அப்படி. வாஷ் பண்ணா போயிடும்" என்றார் அண்ணன்.

தோட்டத்து ரப்பர் குழாயைப் பிடித்துத் தள்ளி நின்று கழுவினேன். கால் ஈரமாயிற்று, செம்பழுப்பு போகவில்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். போகவில்லை. மண் ஊறிவிட்டது என்று தாய்மாமன் தீர்ப்புச் சொன்னான்.

மாலை போட்டார்கள். பெரியவர் மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் தெளித்தார். எங்கள் பக்கம் இது முக்கியம். தண்ணீர் பட்டதும் கிடா உடம்பை உதறிச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் கத்தி வைக்கக்கூடாது. இது சிலுப்பவில்லை. பெரியவர் வேண்டிக்கொண்டு மறுபடி தெளித்தார். அது முன்காலைத் தரையில் தட்டி, மூக்கு வழியாக விசில் மாதிரி ஒரு சத்தம் விட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். எத்தனையோ ஆட்டுச் சத்தம் கேட்டிருக்கிறேன், இப்படிக் கேட்டதில்லை.

அப்போதுதான் டாக்டரின் கார் வந்தது. காது குத்துவதே டாக்டர்தான். தட்டான் இல்லாத ஊரில் டாக்டர் கைதான் பாந்தம் என்று அண்ணி ஏற்பாடு செய்திருந்தார். வழியில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றுவிட்டதால் தாமதம். இறங்கியவர் கை அலம்பப் போகவில்லை. மரத்தைப் பார்த்தார். காருக்குள் கையை விட்டு பைனாகுலரை எடுத்தார்.

"டாக்டர், பக்கத்துல வந்தே பாக்கலாமே" என்றார் அண்ணன்.

"இருங்க. இன்னும் பாக்கலை."

தள்ளி நின்று பார்த்தார். கிட்டே வந்து, கயிறு எட்டாத தூரத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். அவர் கட்டியிருந்த நல்ல பட்டுப்புடவை மண்ணில் புரண்டது. பெரியவர் மூன்றாவது தடவை தண்ணீர் தெளித்தார். ஈயும் மொய்த்துக்கொண்டிருந்தது. ஈயாலோ தண்ணீராலோ, அது தலையிலிருந்து வால்வரை உடம்பை ஒரு உதறு உதறியது. மாலை அறுந்து விழுந்தது.

"ஆச்சு" என்றார் பெரியவர். கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. "உத்தரவு ஆயிருச்சு. நேரம் கடத்தாதே தம்பி, போடு."

கத்தி என் கையில். சாமி சரி என்றுவிட்டது. சாமியை விடப் பெரிய ஆள் யார்? ஆனால் டாக்டர் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. என் ஆயுசில் முதல் தடவையாக, பயத்தில் இல்லாமல் வேறு ஏதோ காரணத்துக்காக நான் நின்றேன்.

"டாக்டர் பாத்து முடிக்கட்டுங்க ஐயா" என்றேன்.

"என்னத்தடா பாக்கறது? பொண்ணா பாக்கறாங்க?"

அண்ணன் முகம் சிவந்தது. "டாக்டர், பசங்களுக்குப் பசி. நீங்க உள்ள வாங்க, இதெல்லாம் பாக்க உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆடா இருந்தா நானே ஒரு தட்டு சாப்பிடுவேன்." என்னிடம் திரும்பினார். "நீங்க எவ்வளவோ கிடா பாத்திருப்பீங்க. கிட்ட போய் மோந்து பாருங்க. கிடா வாடை வருதா?"

போனேன். ஈர மயிர் வாடை வந்தது. கிடா வாடை வரவில்லை. பருவம் வந்த கிடா நாலு வீடு தள்ளி நாறும்.

"காயடிச்சிருப்பாங்க" என்றான் தாய்மாமன்.

பெரியவர் குனிந்து பின்னால் பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அடிக்கலை. எல்லாம் இருக்குது."

"தாடி?" என்றார் டாக்டர்.

தாடி இல்லை. அதுவரை அது யாருக்கும் தோன்றவில்லை.

"அப்ப இது வரையாடு" என்றார் பெரியவர், விடாமல். "வால்பாறை ரோட்டுல நான் பாத்திருக்கறனுங்க."

"நல்லா யோசிச்சீங்க ஐயா" என்றார் டாக்டர். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னார். "நானும் முதல்ல அந்த வழியாத்தான் போனேன். வரையாட்டுக் கொம்பு உள்பக்கம் தட்டையா இருக்கும். இதைப் பாருங்க, சுத்தி உருண்டை, கேரட் மாதிரி, அடியில வளையம் வளையமா. இப்ப கண்ணுக்கு முன்னாடி பாருங்க."

"பீளை கட்டியிருக்குது."

"கண்ணுல இல்லைங்க. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு குழி இருக்கு, அதுலேர்ந்து வெள்ளையா வடியுது. மரத்துல, கல்லுல தேச்சுத் தன் எல்லையைக் காட்டிக்கும். ஆட்டுக்கு அங்க குழியே கிடையாது. கோரலுக்கு இவ்வளவு பெருசா இருக்காது." கடைசியாக அதன் காலைப் பார்த்தார். "கழுவினீங்களா?"

"சோப்புப் போட்டுங்க."

"போகாது. அது அதோட கலர்."

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். அவர் பார்த்து முடித்துவிட்டார் என்பது அந்தத் தட்டலில் தெரியும்.

"இது செரோ. இமயமலைக் காட்டு மிருகம். இங்க எப்படி வந்துச்சோ, யாரோ பணக்காரர் வேலி போட்டு வளக்கறார்னு நினைக்கிறேன். இதை வெட்டினா ஆட்டை வெட்டின கணக்குல வராது."

வராது என்றால் எந்தக் கணக்கில் வரும் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் எல்லாம் படமாக ஓடியது. கோர்ட்டு, கைவிலங்கு, விமானம், ஏறிய ஊரிலேயே போய் இறங்குகிற நான். கத்தியை மரத்தடியில் வைத்தேன்.

அண்ணன் ஆட்டுக்காரருக்குப் போன் செய்தார். முக்கால் மணியில் ஆட்டுக்காரரும், அவருக்குப் பின்னால் இன்னொரு பெரிய டிரக்கில் உயரத் தொப்பி வைத்த ஒரு கிழவரும் வந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கிழவருடைய இடம். வெள்ளத்தில் வேலி சாய்ந்து இது வெளியே போய்விட்டதாம், தேடாத இடமில்லையாம். அவர் இறங்கி வந்தபோது நான் பெரியவருக்குப் பின்னால் நின்றேன். மரத்தடியில் கத்தி, அறுந்த மாலை, மஞ்சள் தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்தார். மிருகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அப்புறம் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. இதற்குக் கவர்மென்ட் பேப்பர் எல்லாம் இருக்கிறது, கணக்குக் காட்டியாக வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் எங்களுக்கு அதைத் தமிழில் சொன்னார்.

"பாருங்க" என்றேன் நான். "அதுக்குப் பேப்பர் இருக்கு. எனக்குத்தான் இன்னும் வரலை."

முதலில் சிரித்தது பெரியவர். சிரிக்க ஆரம்பித்தவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு எல்லாருக்கும் கை கால் லேசாகிவிட்டது. ஆட்டுக்காரர் வாங்கிய பணத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்தார். கருப்புக் கிடா அவரிடம் வேறு இல்லை. நான் பக்கத்து டவுனுக்குப் போய்க் கோழி வாங்கி வந்து, மசாலாவை மாற்றாமல் அப்படியே போட்டுக் குழம்பு வைத்தேன். காது குத்தல் மத்தியானம் தாண்டி நடந்தது. இரண்டு காதிலும் புள்ளி ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டர் வைத்து வைத்து அழித்தார். குழந்தை தூங்கியே போயிற்று. தூக்கத்திலேயே குத்தினார். அது அழவே இல்லை.

ஆனால் பெரியவர் சாப்பிடவில்லை. சாமிக்குச் சொன்னதைச் செய்யவில்லையே என்று ஓரமாக உட்கார்ந்திருந்தார். டாக்டர் தன் தட்டோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இப்படி நின்றுபோனால் உங்கள் பக்கம் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மஞ்சத்துணியில் ஒன்னேகால் ரூபா முடிந்து வைத்துவிட்டு, முடிகிறபோது சாமி கோயிலில் சேர்த்துக் கிடா வெட்டுவோம் என்றார் பெரியவர். "இங்க கால் ரூபாய்க்கு எங்க போறதுங்க?"

"இந்த ஊர்லதான் கால் காசு ஊரெல்லாம் கிடக்கு" என்றார் டாக்டர். குவார்ட்டர் என்கிற கால் டாலர் நாணயத்தைத்தான் சொன்னார். அண்ணன் ஒரு டாலர் நோட்டு கொடுத்தார். டாக்டர் காரில் டோலுக்கு வைத்திருந்த சில்லறையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். நீட்டிய கையைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இருங்க. இன்னும் பாக்கலை."

வெயிலில் திருப்பிப் பார்த்தார். கனடாக் காசு. அதைத் திரும்பப் போட்டுவிட்டு, வேறொன்றை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்துக் கொடுத்தார். "சாமிகிட்டச் செல்லாத காசைத் தரப் பாத்தேன்" என்றார். பெரியவர் முடிச்சைப் போட்டு, கத்தி பிடித்தவன் கையில்தான் இது இருக்க வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தார்.

ஒரு மாசம் கழித்து டாக்டர் என்னை அந்தக் கிழவர் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிழவர் லாரி லாரியாகக் கல் கொட்டி ஒரு சின்னக் குன்றே கட்டியிருந்தார். டாக்டர் பைனாகுலரைக் கொடுத்தார். ரொம்ப நேரம் எனக்குக் கல்தான் தெரிந்தது. எங்கே என்று கேட்கவில்லை. அப்புறம் ஒரு கல் காதை ஆட்டியது. அது குன்று உச்சிக்குப் போய், கண்ணுக்கு முன்னால் இருக்கிற அந்தக் குழியை ஒரு கம்பத்தில் மெதுவாகத் தேய்த்தது, இது என் இடம் என்பது மாதிரி.

மறுவருஷம் எனக்கும் பேப்பர் வந்தது. டாக்டர் மகளோடு இருக்கப் போகிறேன் என்று குபெர்டினோ என்கிற தூரத்து ஊருக்குப் போய்விட்டார். கொஞ்ச வருஷம் போனில் பேசுவோம். என் கவலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போன்ல நான் எப்படிப் பாக்கறது?" என்பார். வைக்கிறதுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கேட்பார், "என் காசு போய்ச் சேந்துச்சா?" அப்புறம் நம்பர் மாறியது, எனக்கும் அவருக்கும் இடையில் ஊர்கள் கூடிப்போயின. இப்போதும் யாராவது என்னிடம் ஒன்றும் ஆகாது என்றால் நான் மனசுக்குள் இருங்க என்றுதான் சொல்கிறேன். அண்ணன் ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்குப் போகலாம், கிடா வெட்டி முடித்துவிடலாம் என்கிறார், ஒவ்வொரு லீவும் ஏதோ ஒன்று குறுக்கே வருகிறது. மஞ்சத்துணி என் மிளகாய்த்தூள் டப்பாக்களுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. அண்ணன் வீட்டுக் குலசாமிக்கு நாங்கள் இன்னும் கொடுக்க வேண்டியது ஒரு கிடாவும், இரண்டு பக்கமும் பார்த்து வாங்கிய காசையும் சேர்த்து ஒன்னேகால் டாலரும்.